கணக்கு நாட்குறிப்பு எங்கே முட்டுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மாலை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பி.எஸ்சி., எம்.எஸ்சி. படிப்பவர்கள். புதிதாக யார் வந்தாலும் தனியாக ஒரு நோட்டு போடச் சொல்வேன். வகுப்பில் எழுதும் நோட்டு ஒன்று, கணக்குப் போட்டுப் பார்க்கும் ரஃப் நோட்டு இன்னொன்று, இது மூன்றாவது. இன்று எதைப் படித்தேன், எது பிடிபட்டது, எங்கே முட்டியது என்று தேதி போட்டு எழுதும் நோட்டு. நான் படித்த ஐந்து வருடமும் இப்படி எழுதினேன். அந்த நோட்டுகள் இல்லாமல் ரியல் அனாலிசிஸை, அதாவது மெய்யெண்களையும் அவற்றின் மேல் வரும் சார்புகளையும் நிரூபணத்தோடு படிக்கும் பாடத்தை, தாண்டியிருக்க மாட்டேன்.

நோட்டு போட்ட பலர் இரண்டு மாதம் கழித்து வந்து, "அக்கா, இது எனக்குச் சரியா வரல்ல" என்பார்கள். வாங்கிப் புரட்டினால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரே மாதிரிக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொருந்துவதை மட்டும் படித்தால் போதும்.

முதலில் ஒரு சோதனை. மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தைத் திறங்கள். எத்தனை மணிநேரம் படித்தீர்கள், எத்தனை கணக்கு போட்டீர்கள் என்பதை விடுங்கள். அன்றைக்கு எந்த வரியில் கை நின்றது என்று அந்தப் பக்கம் சொல்கிறதா? சொன்னால் உங்கள் நோட்டு நலமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் கீழே உள்ளவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது.

அறிகுறி: நோட்டு நிறைந்துகொண்டே போகிறது, தேர்வில் கை ஓடவில்லை

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். கையெழுத்து அழகாக இருக்கும். தியரத்துக்கு நீல மை, ப்ரூஃபுக்குக் கறுப்பு மை, ஸ்கேல் வைத்து அடிக்கோடு. ஒரு தியரத்தை எடுத்து, "நோட்டை மூடிவிட்டு இதைச் சொல்லு" என்றால் இரண்டாவது வரியில் நின்றுவிடுவார்கள்.

காரணம், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதியது. கண் பார்க்கிறது, கை எழுதுகிறது, நடுவில் மனசுக்கு வேலையே இல்லை. எழுதி முடித்ததும் வரும் நிறைவு புரிந்துவிட்டது என்ற எண்ணத்தையும் கொடுத்துவிடுகிறது. உழைக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

சரிசெய்யும் முறை எளிது, ஆனால் முதல் சில நாள் கஷ்டமாக இருக்கும். புத்தகத்தில் ப்ரூஃபைப் படியுங்கள். மூடுங்கள். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் நாட்குறிப்பில் நினைவிலிருந்து எழுதுங்கள். கை நிற்கும் இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அடியில், எது விட்டுப்போயிற்று, ஏன் அது தேவை என்று இரண்டு வரி.

ஒரு உதாரணம். கன்வர்ஜ் ஆகும் சீக்வென்ஸ் (ஓர் எல்லையை நெருங்கிப் போகும் எண் வரிசை) எல்லாமே பவுண்டட் (ஒரு வரம்புக்குள் அடங்கியது) என்பது முதல் செமஸ்டர்களிலேயே வரும் தியரம். எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் வரை அனுமதிக்கிறோம் என்பதுதான் எப்சிலான்; அதற்கு 1 என்று எடுத்துக்கொள்கிறோம். ஏதோ ஒரு உறுப்புக்கு அப்புறம் வருபவை எல்லாம் எல்லையிலிருந்து 1 தூரத்துக்குள் வந்துவிடும். அதற்கு முன்னால் உள்ளவை எண்ணிக்கையில் முடிவுள்ளவை, ஆகவே அவற்றில் மட்டு மதிப்பில் பெரியது ஒன்று இருக்கும். இரண்டையும் சேர்த்தால் மொத்தத்துக்கும் ஒரு வரம்பு கிடைக்கும். இதைப் பார்க்காமல் எழுதும்போது பெரும்பாலும் முன்னால் உள்ள உறுப்புகளை விட்டுவிடுவார்கள், அல்லது எழுதிவிட்டு ஏன் எழுதினோம் என்று தெரியாமல் இருப்பார்கள். அங்கேதான் சிவப்புக் கோடு விழ வேண்டும். அடியில் இப்படி எழுதலாம்: "எப்சிலான் சொல்வது வாலைப் பற்றி மட்டும். தலைப்பகுதி எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கலாம், அதனால் தனியாகக் கவனிக்கிறோம். தலை முடிவுள்ளது என்பதால் தப்பித்தோம்." இந்த மூன்று வரி, நீல மையிலும் கறுப்பு மையிலும் எழுதிய முழு ப்ரூஃபைவிட மதிப்பானது. தேர்வில் கை நிற்கும்போது நினைவுக்கு வருவது இதுதான்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் சிவப்பு இருக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்கச் சிவப்பே இல்லையென்றால் மறுபடியும் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டீர்கள், இல்லையென்றால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே படிக்கிறீர்கள்.

அறிகுறி: பக்கத்துக்குப் பக்கம் "புரியவில்லை" என்று மட்டும் இருக்கிறது

நேர்மையான பதிவுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் உங்களுக்கு உதவ முடியாது, நீங்களும்கூட. எனக்குப் பாடம் எடுத்த ஒரு சார், நாங்கள் "புரியல்ல சார்" என்றால் கோபப்படவே மாட்டார். "சரி மக்களே, எங்க போய் முட்டுது?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயலும்போதே பாதி தெளிந்துவிடும். என் நோட்டில் "முட்டியது" என்ற சொல்லை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

"புரியவில்லை" என்பதைக் கேள்வியாக மாற்றுங்கள். ஒரே நாளில் நல்ல கேள்வி வராது, மூன்று நான்கு தடவை திருத்த வேண்டிவரும். அந்தத் திருத்தங்களை அழிக்காமல் தேதியோடு வைத்திருங்கள், முன்னேற்றம் அதில்தான் தெரியும். என் பழைய நோட்டில் யூனிஃபார்ம் கன்டினியூட்டி (சீரான தொடர்ச்சி) பற்றி இருப்பதைச் சொல்கிறேன். சார்பின் மதிப்பு எப்சிலானுக்கு மேல் மாறாமலிருக்க, உள்ளே போடும் எண் எவ்வளவு நகரலாம் என்பதுதான் அதில் வரும் டெல்டா. முதல் நாள்: "யூனிஃபார்ம் கன்டினியூட்டி புரியவில்லை." இரண்டு நாள் கழித்து: "இதற்கும் வெறும் கன்டினியூட்டிக்கும் டெஃபினிஷனில் என்ன வித்தியாசம்? ஒரே சொற்கள்தானே இருக்கின்றன?" இன்னும் இரண்டு நாள்: "சொற்கள் ஒன்றுதான், வரிசை வேறு. ஒன்றில் புள்ளியைப் பார்த்துவிட்டு டெல்டாவைத் தேடுகிறோம். மற்றதில் டெல்டாவை முதலில் சொல்லிவிட வேண்டும், புள்ளி அப்புறம் எங்கே வந்தாலும் அது செல்ல வேண்டும். இந்த வரிசை மாறினால் எந்தச் சார்பு தோற்கும்?"

கடைசிக் கேள்வி வந்துவிட்டால் விடை கைக்கு எட்டும் தூரம்தான். வர்க்கச் சார்பை முழு மெய்யெண் கோட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இயல் எண்ணையும், அதோடு அதன் தலைகீழியைக் கூட்டி வரும் எண்ணையும் பாருங்கள். 10, 10.1. அப்புறம் 100, 100.01. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் சுருங்கிக்கொண்டே போகிறது, ஆனால் வர்க்கங்களின் வித்தியாசம் ஒருபோதும் 2-க்குக் கீழே வராது. 10.1-இன் வர்க்கம் 102.01, வித்தியாசம் 2.01. 100.01-இன் வர்க்கம் 10002.0001, வித்தியாசம் 2.0001. எந்த டெல்டாவை முன்கூட்டிச் சொன்னாலும் தூரத்தில் போய் இந்தச் ஜோடி அதை உடைத்துவிடும். இதே சார்பை 0 முதல் 1 வரை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. இதை எழுதிய பக்கத்தில் "பிடிபட்டது" என்று தேதி போட்டிருக்கிறேன். முதல் "புரியவில்லை"யிலிருந்து எண்ணினால் ஒன்பது நாள். ஒன்பது நாள் என்பது நீளமாகத் தெரியலாம். இந்தப் பாடத்துக்கு அது நல்ல வேகம்.

அறிகுறி: முதல் வாரம் பக்கம் பக்கமாக, மூன்றாம் வாரம் வெறும் தேதி

தொடங்கும்போது உற்சாகத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொள்கிறோம். இன்டர்னல் டெஸ்ட் வரும், வீட்டில் விசேஷம் வரும், நோட்டு கடனாக மாறிவிடும். கடன் ஏறினால் மனிதர்கள் கடைக்காரர் கண்ணில் படாமல் போவதுபோல, நோட்டைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுவோம்.

அளவைக் குறையுங்கள். நாலு வரி போதும். தேதி, பாடம், பிடிபட்டது ஒரு வரி, முட்டியது ஒரு வரி. காஸ் என்ற ஜெர்மன் கணித மேதை 1796 மார்ச் 30 அன்று ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். 17 சம பக்கங்களும் சம கோணங்களும் கொண்ட உருவத்தை ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வைத்து வரையலாம் என்று கண்டுபிடித்ததுதான் முதல் பதிவு. அப்போது அவருக்கு 19 வயதுகூட ஆகவில்லை. 1814 வரை எழுதினார், மொத்தம் 146 பதிவுகள். பலவும் ஓரிரு வரிதான். 18 வருடத்துக்கு 146 என்றால் எத்தனை நாள் ஒன்றும் எழுதாமல் இருந்திருப்பார் என்று பாருங்கள். விட்ட நாளை நினைத்து நோட்டை மூடிவைக்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் ரப்பர் உண்டு. அப்பா ஒரு மரத்தில் இன்றைக்குப் பால் வெட்டினால் நாளைக்கு அதை விட்டுவிடுவார், மறுநாள்தான் மறுபடி கத்தி வைப்பார். தினமும் வெட்டினால் மரம் தாங்காது. நானும் அதைப் பார்த்துத்தான் ஒன்றுவிட்ட நாள் எழுதும் பழக்கத்துக்கு வந்தேன். இடைப்பட்ட நாளில் கணக்கு போடுவேன், எழுத மாட்டேன். உங்களுக்கு அது ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் எழுதலாமே என்று கேட்பார்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகிற ரோட்டில் பேனா பிடித்து எழுதுவது ஆகாத காரியம். ஆனால் நேற்று படித்த ஒரு டெஃபினிஷனை மனசுக்குள் சொல்லிப் பார்க்க அந்த நேரம் நன்றாக உதவும். வடசேரியில் இறங்கியதும் எங்கே தடுமாறினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அறிகுறி: விடை மட்டும் இருக்கிறது, வந்த வழி இல்லை

ரஃப் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, முடிவை மட்டும் நாட்குறிப்பில் ஏற்றுவதால் வருவது. இப்படிச் செய்பவர்கள் என்னிடம் ராமானுஜனைச் சொல்வார்கள். அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதியது உண்மைதான். காகிதம் வாங்க முடியாத வறுமை அவருக்கு. 1920-இல் அவர் மறைந்த பிறகு, அந்த நோட்டுகளில் உள்ளவற்றுக்கு நிரூபணம் எழுதக் கணித அறிஞர்கள் பல பத்து ஆண்டுகள் உழைத்தார்கள். அமெரிக்கக் கணித அறிஞர் ப்ரூஸ் பெர்ன்ட் அவற்றை விளக்கி வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வந்தன. நம் நோட்டை நமக்காக யாரும் உட்கார்ந்து விளக்கப் போவதில்லை. ஆறு மாதம் கழித்து நாம்தான் படிக்க வேண்டும்.

முழு ரஃப் வேலையும் வேண்டாம். தவறிப்போன முதல் முயற்சி, அது ஏன் தவறியது, திரும்பிய இடம். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

அறிகுறி: ஒரே தப்பு வெவ்வேறு பாடத்தில் வருகிறது

இதைக் கண்டுபிடிக்க நோட்டு ஒன்றால்தான் முடியும். நினைவு ஒவ்வொரு தப்பையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும், நோட்டில்தான் அவை அருகருகே வரும். செமஸ்டர் நடுவில் ஒரு நாள் உட்கார்ந்து, சிவப்புக் கோடுகளை மட்டும் படித்துப் பாருங்கள்.

என்னிடம் படித்த ஒரு மாணவியின் நோட்டில் மூன்று பாடத்தில் மூன்று சிவப்பு. ஒன்று, தொடரின் உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கிப் போவதால் தொடர் கன்வர்ஜ் ஆகும் என்று எழுதியிருந்தாள். இன்னொன்று, குலத்தின் (குரூப்) வரிசையை, அதாவது உறுப்புகளின் எண்ணிக்கையை, 6 வகுப்பதால் வரிசை 6 உள்ள உட்குலம் இருக்கும் என்று எழுதியிருந்தாள். மூன்றாவது, கன்டினியுவஸ் (தொடர்ச்சியான சார்பு) ஆகையால் டிஃபரன்ஷியபிள் (வகையிடத்தக்கது) என்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவளே சொன்னாள்: "அக்கா, எல்லாத்தையும் நான் திருப்பிப் போட்டிருக்கேன்." அதேதான். தியரத்தின் மறுதலையை உண்மை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம். தனித்தனியாகத் திருத்தியிருந்தால் நாலாவது பாடத்திலும் வந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தியரத்துக்கும் அடியில் "திருப்பினால்?" என்று ஒரு வரி எழுதச் சொன்னேன், உடைந்தால் உடைக்கும் உதாரணத்தோடு. தொடருக்கு 1, 2-இல் ஒன்று, 3-இல் ஒன்று, 4-இல் ஒன்று என்று போகும் தொடர். 3-இல் ஒன்றும் 4-இல் ஒன்றும் கூட்டினால் அரையைத் தாண்டும், 5 முதல் 8 வரை கூட்டினால் மறுபடி அரையைத் தாண்டும், இப்படி அரைகள் முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். டிஃபரன்ஷியபிளுக்கு பூஜ்யத்தில் மட்டு மதிப்புச் சார்பு. குலத்துக்கு ஏ ஃபோர், நாலு பொருளின் இரட்டை வரிசை மாற்றங்கள், 12 உறுப்புகள். அதில் 6 உறுப்புள்ள உட்குலம் இருந்தால், அது குலத்தில் சரிபாதி. சரிபாதியான உட்குலத்தில், முழுக் குலத்தின் எல்லா உறுப்புகளின் வர்க்கங்களும் இருந்தாக வேண்டும். ஏ ஃபோரில் மூன்று பொருளைச் சுற்றவிடும் 8 உறுப்புகளும் வர்க்கங்கள். 6 இடத்தில் 8 எப்படி அடங்கும்? இந்தப் பக்கத்தை அவள் எழுதியதும் எனக்கே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அறிகுறி: இங்கிலீஷில் எழுதியது இங்கிலீஷிலேயே நிற்கிறது

பள்ளியில் தமிழில் கணக்குப் படித்துவிட்டுக் கல்லூரியில் இங்கிலீஷுக்கு மாறியவர்களுக்கு வருவது. டெஃபினிஷன் மனப்பாடமாக வரும், ஆனால் கைக்குள் வராது. நாட்குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். சொற்கள் எப்சிலான், வெக்டர் என்றே இருக்கட்டும், வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும். வீட்டில் பேசுகிற மாதிரிகூட எழுதலாம், யாரும் திருத்தப் போவதில்லை.

ஆனால் சொந்த வாக்கியத்தை ஓரத்தில் நிறுத்திச் சோதிக்க வேண்டும். "லீனியர்லி இன்டிபென்டன்ட் என்றால் ஒன்றை மற்றவற்றால் கட்ட முடியாது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். நல்ல வாக்கியம். பூஜ்ய வெக்டர் ஒன்று மட்டும் உள்ள கணத்தை எடுத்தோம். மற்றவை என்று எதுவுமே இல்லை, அப்படியானால் அது இன்டிபென்டன்டா? டெஃபினிஷனைப் பார்த்தால் இல்லை: பூஜ்யமில்லாத எண்ணால் பெருக்கினாலும் பூஜ்யமே வருகிறது, ஆகவே டிபென்டன்ட். அவன் தன் வாக்கியத்துக்கு அடியில் "பூஜ்ய வெக்டர் வந்தால் டெஃபினிஷனுக்கே போ" என்று சேர்த்துக்கொண்டான். அவ்வளவு போதும்.

சின்னக் கோளாறுகள்

தேடினால் கிடைக்கவில்லை: பக்கத்துக்கு எண் போடுங்கள், கடைசி இரண்டு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட்டுவையுங்கள்.

மழையில் நனைந்து மை ஊறிவிட்டது: நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. இங்க் பேனா, ஜெல் பேனா இரண்டையும் விட்டுவிட்டுப் பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், நோட்டை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வையுங்கள். மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

அறிகுறி: அரியர் விழுந்த பிறகு நோட்டைத் திறக்க மனம் வரவில்லை

எனக்கு இரண்டாம் வருடம் ரியல் அனாலிசிஸில் அரியர் விழுந்தது. ஒரு மாதம் நோட்டை மேஜைக்கு அடியில் போட்டுவைத்திருந்தேன். அதில் இருப்பதெல்லாம் வீண் என்றுதான் தோன்றியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எழுதியதைப் படித்ததைவிட, எழுதாததுதான் கண்ணில் பட்டது. வீட்டில் கல்யாணம், தொடர்ந்து மழை என்று மூன்று வாரம் ஒரு வரிகூட இல்லை. அந்த மூன்று வாரத்தில் வகுப்பில் என்ன நடந்தது என்று தோழியின் நோட்டைப் பார்த்தேன். சுப்ரீமம். மேல்வரம்பு உள்ள, வெறுமையல்லாத எந்த மெய்யெண் கணத்துக்கும் மேல்வரம்புகளில் சிறியது ஒன்று உண்டு என்ற அந்த ஒரு பண்பு.

அதற்குப் பின் வந்த பக்கங்களில் சிவப்பு திடீரென்று பெருகியிருந்தது. பவுண்டட் ஆன மோனோடோன் சீக்வென்ஸ் (ஏறிக்கொண்டே அல்லது இறங்கிக்கொண்டே போவது) ஏன் கன்வர்ஜ் ஆகிறது, பவுண்டட் சீக்வென்ஸுக்குள் கன்வர்ஜ் ஆகும் துணை சீக்வென்ஸ் உண்டு என்ற போல்சானோ வயர்ஸ்ட்ராஸ் தியரம் ஏன் உண்மை, கன்டினியுவஸ் சார்பு இடைப்பட்ட மதிப்பை ஏன் தொட்டாக வேண்டும். எல்லாமே அந்தப் பண்பின் மேல் நிற்பவை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். கஷ்டம் ஒன்றுதான். என்னால் முடியாது என்று முடிவு கட்டியிருந்த பாடத்தில், உண்மையில் விட்டுப்போனது மூன்று வார வகுப்பு.

ஆகவே நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். எங்கே இடைவெளி, எங்கே சிவப்பு பெருகத் தொடங்கியது? அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன பாடம் நடந்தது என்று கேட்டு வாங்குங்கள். மறுபடி படிப்பதை யூனிட் ஒன்றிலிருந்து தொடங்காமல் அங்கிருந்து தொடங்குங்கள்.

நான் அன்று இரவே தேதி போட்டு எழுதினேன்: "விகிதமுறு எண்களில் வர்க்கம் 2-க்குக் குறைவாக உள்ளவற்றை எல்லாம் எடு. 1.5 ஒரு மேல்வரம்பு. 1.42-உம் மேல்வரம்பு. 1.415-உம். மேல்வரம்புகளில் சிறியது எது?" விகிதமுறு எண்களுக்குள் அப்படி ஒன்று கிடையாது என்று எழுதி முடிக்க இரண்டு இரவு ஆனது. நடுவில் ஐந்து இடத்தில் சிவப்புக் கோடு இருக்கிறது.